லினெட்டின் பூஞ்சையும் இரண்டு கல்லறைகளும்

முதலில் லினெட்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே கையை ஸ்பிரிட்டால் துடைக்காமல் கிருமி வளர்க்கும் பெட்ரித் தட்டைத் தொட்டாள். நான் கத்தினேன். கத்துவது என் வேலை. கருவிகளைப் பார்த்துக்கொள்வது, கண்ணாடிக் குடுவைகளைக் கிருமி நீக்கித் தருவது, யார் எதைத் தொட்டாலும் முறைப்பது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் துர்கா என்கிற எனக்கு அங்கே சம்பளம். ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வருகிறவர்கள் சின்ன வயதுப் பிள்ளைகள். திட்டினால் முகம் வாடும், மறுநாள் சரியாகிவிடும். லினெட்டுக்கு அப்போதே நாற்பதை நெருங்கிய வயது. என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவள். நான் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "சரிக்கா, நான் கையத் தொடைக்கிறேன். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றாள். அன்று மத்தியானம் தன் டப்பாவிலிருந்த மீன் குழம்பில் பாதியை எனக்கு ஊற்றினாள். எனக்குக் கோபம் வருவதும் சீக்கிரம், போவதும் சீக்கிரம்.

அவளுடைய கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. பிறந்து வளர்ந்தது உழவர்கரையில். அப்பா ஞானப்பிரகாசம் மின்துறையில் வேலை பார்த்தவர். அம்மா அந்தோணிமேரி. ஒரே அண்ணன் மரிய அருண், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து பாரிஸ் பக்கம் போய்விட்டார். லினெட் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தாள். அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு பள்ளிக்கூடமும் வீடும் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லாமல் போயிற்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பேப்பர் திருத்திக்கினே இருந்தேன், அதுக்குள்ள வயசாயிடுச்சி" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், கேட்டவருக்குத்தான் சங்கடமாக இருக்கும். அப்பா இறந்த பிறகு நுழைவுத் தேர்வு எழுதினாள். உதவித்தொகை கிடைத்ததும் டீச்சர் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். தெருவில் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் பேராசிரியர் விஜயராகவன் சார் அவளுக்குக் கொடுத்த ஆராய்ச்சி, நித்தியகல்யாணி இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளைப் பற்றியது. இலைக்குள் பூஞ்சை இருந்தால் இலை அழுகிவிடாதா என்று கேட்கலாம். அழுகாது. சில பூஞ்சைகள் செடிக்குத் தொந்தரவு தராமல் உள்ளேயே வாழும். அங்கே பிழைத்திருப்பதற்காகச் சில வேதிப்பொருள்களைச் செய்துகொள்ளும். அவற்றில் ஒன்றிரண்டு மனிதனுக்கு மருந்தாக உதவும். நித்தியகல்யாணியே மருந்துச் செடிதான். ஆனால் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயர் உண்டு. மூலக்குளத்தில் என் வீட்டு வாசலில் ஒரு தொட்டி வைக்கக்கூட என் மாமியார் விடவில்லை.

லினெட் ஊரெல்லாம் சுற்றி இலை பறித்தாள். கனகசெட்டிக்குளத்துக் கடற்கரை மணல், நர்சரித் தொட்டிகள், வில்லியனூர் ரோட்டோரம் என்று ஓர் இடம் விடவில்லை. கடைசியாக உழவர்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தன் அப்பாவைப் புதைத்த மண்மேட்டில் தானாக முளைத்திருந்த வெள்ளைப் பூச்செடியிலும் நாலு இலை கிள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கல்லறைச் செடியிலிருந்து வந்த பூஞ்சைதான் வேலை செய்தது. எந்த மருந்துக்கும் அடங்காத சீழ்க்கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, பூஞ்சை வளர்ந்த நீரில் ஒரு சொட்டு எடுத்து நடுவில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் சொட்டைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லை. தெளிவாக ஒரு வளையம். நான் அந்த ஆய்வகத்தில் பார்த்த வளையங்களிலேயே அதுதான் பெரியது. லினெட் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பப்பா!" என்றாள். அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரர் போய் எத்தனையோ வருஷமாகியும் இந்த மாதிரி சில வார்த்தைகள் மட்டும் இங்கே தங்கிவிட்டன. அன்றிலிருந்து அந்தப் பூஞ்சையின் பெயர் பப்பா. சார் கொடுத்த எண்ணை யாரும் சொல்வதில்லை. "பப்பாவுக்குச் சாப்பாடு மாத்தணும்", "பப்பா ஃபிரிட்ஜுல ரெண்டாவது தட்டுல இருக்காரு" என்றுதான் பேச்சு. புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் பயந்துபோவார்கள்.

அதன் பிறகு ஒரு வருஷம் போனது. பூஞ்சையை ஒரே தட்டில் விட்டுவைத்தால் காய்ந்து செத்துவிடும். அவ்வப்போது கொஞ்சம் கிள்ளி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்த்த புதுத் தட்டில் வைக்க வேண்டும். லினெட் அதைப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி செய்தாள். பூஞ்சையும் கொழுகொழுவென்று வளர்ந்தது. வளையம் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிறுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் இல்லாமலே போயிற்று.

அவள் இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டாள், சர்க்கரையைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் என்னையும் சந்தேகப்பட்டாள். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் நான் சூடு அதிகமாக வைக்கிறேனாம்! அவளோடு பேசுவதை நிறுத்தினேன். பிறகு ஒரு காலையில் அவள் கண் வீங்கி வந்ததைப் பார்த்து நானே போய்ப் பேசினேன். உதவித்தொகை வருகிற மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் நிபுணர் குழுவின் முன்னால் அந்த மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டம் இல்லை. விட்டுவிட்டு வந்த டீச்சர் வேலையும் திரும்பக் கிடைக்காது. அந்த வயதில் இன்னொரு உதவித்தொகையோடு யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

விஜயராகவன் சார் பூஞ்சையின் மரபணுக்களைப் படித்துப் பார்க்க வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரெசிபி அப்படியே இருக்கும்மா. ஒரு எழுத்துகூட மாறல. ஆனா அதை இப்ப யாரும் எடுத்துப் படிக்கிறதில்ல. அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்த மருந்தைச் செய்கிற மரபணுக்கள் பூஞ்சைக்குள் ஒன்றையடுத்து ஒன்றாக, ஒரே இடத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து ஒரு சுவிட்ச் மாதிரி. இலைக்குள் இருக்கும்போது செடி ஏதேதோ சைகை காட்டுகிறது. பக்கத்தில் வேறு கிருமிகள் இடத்துக்கு மல்லுக்கு நிற்கின்றன. அதனால் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். எங்கள் தட்டில் சண்டையும் இல்லை, பசியும் இல்லை. மருந்து செய்வது பூஞ்சைக்குச் செலவு பிடிக்கிற வேலை. எதற்கு வீண் செலவு என்று அந்தப் பகுதியை இறுக்கமாகச் சுருட்டி, படிக்க வேண்டாம் என்பதற்குச் சின்னச் சின்ன வேதி அடையாளங்களை அதன்மேல் ஒட்டிவிடுகிறது. அந்த அடையாளங்கள் அடுத்தடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கின்றன. எங்கள் வீட்டுப் பரணில் என் கல்யாணத்துக்கு வந்த அண்டா ஒன்று துணி சுற்றிக் கிடக்கிறது. அது தொலைந்துபோகவில்லை. அத்தனை பேருக்குச் சமைக்கிற தேவை வரவில்லை, அதனால் யாரும் இறக்கவில்லை. நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். லினெட் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். "அப்ப நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்" என்றாள்.

"அப்படி இல்லம்மா, எல்லா லேபுலயும் நடக்கறதுதான்" என்றார் சார். "எந்தச் செடியில இருந்து எடுத்தியோ, அதே செடியோட எலையக் கொஞ்சம் அரைச்சி, சாறு வடிகட்டி ஊத்திப் பாரு. சில பூஞ்சைங்க அதுல முழிச்சிக்கும்."

 "சார், அந்த எடத்துல இப்ப கிரானைட் இருக்கு" என்றாள் லினெட்.

அந்த ஜூலையில்தான் அண்ணன் லீவில் வந்து அப்பாவின் கல்லறைக்குக் கிரானைட் போட்டுவிட்டுப் போயிருந்தார். சொந்தக்காரர்களின் கல்லறைகளெல்லாம் பளபளவென்று இருக்க, தன் கணவர் மட்டும் மண்மேடாகக் கிடக்கிறார் என்பது அந்தோணிமேரி அம்மாவுக்குப் பெரிய குறை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போய்விட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பாராம். அண்ணனை நச்சரித்து வரவழைத்ததே லினெட்தான். சாம்பல் நிறக் கல்லைத் தேர்ந்தெடுத்தது அவள். எழுத்து வெட்டியதில் புள்ளி விட்டுப்போகிறதா என்று பார்த்தது அவள். கொத்தனாரின் ஆள் மண்மேட்டைச் சமன்படுத்திச் செடியையெல்லாம் வேரோடு பிடுங்கி எறிந்தபோது, குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவளும் அவள்தான்.

"பூஞ்சைதான் ஃபிரிட்ஜுல பத்திரமா இருக்கேன்னு நெனச்சேன்கா" என்றாள் என்னிடம். "நம்ம கையில இருந்தது பாதிதான்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல."

வேறு இடத்துச் செடிகளை முயன்றோம். நர்சரிச் செடியின் இலைச்சாறு, கடற்கரைச் செடியின் இலைச்சாறு, ரோட்டோரச் செடியின் இலைச்சாறு, எதற்கும் பப்பா அசைந்துகொடுக்கவில்லை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. லினெட் வேறு வழியில்லாமல் அம்மாவிடம் போய், கல்லை ஓரமாகக் கொஞ்சம் பெயர்த்து மண்ணைத் திறந்துவிட்டால் பழைய விதை மழையில் முளைக்கும் என்று கேட்டாள். நான் அப்போது அங்கே இருந்தேன். அந்தோணிமேரி அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசம் கழிச்சி அவருக்கு ஒரு மரியாத கெடச்சிருக்கு. அது மேல கை வெக்காத. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்தக் கல்ல யாரும் தொடக் கூடாது" என்றார்.

அண்ணன் காதுக்கும் விஷயம் போய்விட்டது. வீடியோ காலில் வந்து, "பப்பாவைத் தோண்டப் போறியா நீ? படிச்சிப் படிச்சி மூளை கெட்டுப்போச்சா?" என்று கத்தினார். "தோண்டலண்ணா, கல்லதான்…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே ஒரு கடப்பாரையோடு போயிருப்பேன். அவள்தான் என் கையைப் பிடித்து, "அம்மா அழுதாங்கக்கா. வுட்டுடலாம்" என்றாள்.

அக்டோபர் முடிகிற சமயம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாட்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து தங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்வது வழக்கம். லினெட் அம்மாவோடு கிரானைட்டைக் கழுவப் போயிருந்தாள். நான் மூலக்குளத்தில் வீட்டு வேலையாக இருந்தேன். போன் வந்தது.

"அக்கா, லேபுல இருக்கற பிளாஸ்டிக் பை எல்லாத்தையும் எடுத்துக்கினு ஒடனே வாங்க. இங்க எல்லாரும் புடுங்கிக்கினு இருக்காங்க!"

ஸ்கூட்டரில் ஆய்வகத்துக்குப் போய்ப் பைகளை அள்ளிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். நான் அதற்கு முன் கல்லறைத் தோட்டத்துக்குள் போனதில்லை. எங்கள் சாதிசனத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. உள்ளே திருவிழா மாதிரி இருந்தது. சுண்ணாம்பு வாளிகள், மம்மட்டிகள், சாமந்தி மாலைகள், வாசலில் மெழுகுவத்திக் கடைகள். ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு குடும்பம் குனிந்து நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தது. பிடுங்குகிற களையில் முக்கால்வாசி நித்தியகல்யாணி. அது அத்தனையும் மதில் ஓரம் குப்பையாகக் குவிந்துகொண்டிருந்தது. கிரானைட் போடாத ஏழைக் கல்லறைகளிலெல்லாம் அந்தச் செடி இருந்திருக்கிறது. லினெட் தன் அப்பாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றவர்களைக் கவனிக்கவில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லறை கல்லறையாக ஓடினாள். "அதக் குப்பையில போடாதீங்க, எனக்குக் குடுங்க. மருந்து ஆராய்ச்சிக்கு." யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. செடியை நீட்டும்போது, அது யார்மேல் முளைத்த செடி என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒரு பெரியவர், "இது எங்க சித்தப்பாங்க. கொஞ்சம் மொரடு, பாத்து வெச்சிக்கங்க" என்றார். ஒரு பெண் மண்ணை உதறிவிட்டு இரண்டு கையாலும் கொடுத்தாள். "எங்க பொண்ணோடது. காய்ச்சல்ல போயிட்டா. மருந்து வந்தா எங்களுக்கும் சொல்லுங்க." லினெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்றேங்க" என்றாள். மருந்து என்றால் எத்தனை வருஷ வேலை, நூற்றில் ஒன்றுகூடத் தேறாது என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது? நான் ஒவ்வொரு பைமேலும் மார்க்கரால் செத்தவரின் பெயரை எழுதிக்கொண்டே போனேன்.

இரண்டு வரிசை தள்ளி ஒரு வயதான அம்மா தனியாக உட்கார்ந்து அரிவாளால் செடியை அறுத்துக்கொண்டிருந்தார். குனிந்து பிடுங்க முடியாது போலிருக்கிறது. தரையோடு அறுத்துவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டிருந்தார். லினெட் நின்றுவிட்டாள்.

"யாரு?" என்றேன்.

"பக்கத்து வூட்டு தெரேஸ் ஆண்ட்டி. எங்களோட பேச மாட்டாங்க."

பிறகு அவள் சொன்னது இதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் யாருடையது என்று அவள் அப்பாவுக்கும் தெரேஸ் அம்மாவின் கணவர் பெர்னாருக்கும் கோர்ட்டில் வழக்கு. இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் லினெட்டின் அப்பா ஜெயித்தார். கொஞ்ச நாளில் பெர்னார் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அந்தத் தீர்ப்புதான் அவரைக் கொன்றது என்று தெரேஸ் அம்மா தெருவில் நின்று அழுதார். ஒட்டின வீடாக இருந்தும் அந்தோணிமேரி அம்மா அடக்கத்துக்குப் போகவில்லை.

லினெட் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டாள். தெரேஸ் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "குப்பையில போறதுதான, எடுத்துக்க" என்று அறுத்த கொத்தைக் காலால் தள்ளிவிட்டார். நான் பைமேல் பெர்னார் என்று எழுதினேன்.

அடுத்த நாளே இலைகளைக் கழுவி, அரைத்து, கிருமி நுழையாத வடிகட்டியில் வடித்து, ஒவ்வொரு சாற்றையும் ஒரு குடுவையில் ஊற்றிப் பப்பாவை வளர்த்தோம். குடுவைகளிலும் செத்தவர்களின் பெயர்தான். சார் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்லறை மாதிரியே இருக்கு" என்றார். பெரும்பாலான குடுவைகளில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றில் மெல்லிய வளையம் வந்தது. அந்தச் சித்தப்பாவும் அதில் ஒருவர். பெர்னார் குடுவையிலிருந்து எடுத்த சொட்டைச் சுற்றிப் பழைய வளையம், அதே அகலத்தில் வந்தது.

நான் நம்பவில்லை. இலைச்சாறே கிருமியைக் கொன்றிருக்கலாம் அல்லவா? பூஞ்சை சேர்க்காமல் சாற்றை மட்டும் சொட்டு வைத்துப் பார்த்தேன். வளையம் இல்லை. திரும்பச் செய்தேன். இல்லை. சார் மரபணுச் சோதனை செய்துபார்த்தார். சுருண்டு கிடந்த அந்தப் பகுதி அவிழ்ந்து, படியெடுக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. லினெட் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "பெர்னார் அங்கிள் வந்தாத்தான் பப்பா வாயத் தொறப்பாரு போல!" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். ஆய்வகத்தில் அழக் கூடாது என்று சட்டமா என்ன?

ஆனால் ஒரு கொத்து இலை எத்தனை நாளைக்கு வரும்? மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்க நிறையக் குடுவைகள் வேண்டும். அறுத்து வந்த கிளைகளைத் தொட்டியில் நட்டு வளர்த்தோம். துளிர்த்தது. அந்தத் துளிரின் சாற்றுக்குப் பப்பா மசியவில்லை. பெர்னார் கல்லறைக்குப் போய், அடிக்கட்டையில் மழைக்குத் துளிர்த்திருந்த இரண்டே இலையை லினெட் கிள்ளிவந்தாள். அதற்கு மசிந்தது. செடி ஒன்றுதான், மண்தான் வேறு. அந்த மண்ணில் என்ன இருக்கிறது, அது இலைக்குள் என்னவாக ஏறுகிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அந்தச் செடி அந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

பொங்கல் முடிந்து, அனுமதி கேட்டுவிட்டு இலை பறிக்கலாம் என்று நாங்கள் இருவரும் தெரேஸ் அம்மா வீட்டுக்குப் போனோம். அவர் உள்ளே கூப்பிடவில்லை. தோட்டத்துப் பக்கம், அந்த வழக்குச் சுவரை ஒட்டி நிற்கவைத்தே பேசினார்.

"எலையா? வர்ற வாரம் எங்களுக்கும் கிரானைட் வருது. உங்க வூட்டுக் கல்லப் பாத்துட்டுத்தான் எங்க பையன் ஆர்டர் குடுத்தான். அதே கல்லு, அதே ஆளு."

லினெட் எல்லாவற்றையும் விளக்கினாள். மார்ச்சையும், பட்டத்தையும், அந்த மண்ணையும் பற்றிச் சொன்னாள். கல் போடாமல் நிறுத்திவைக்க முடியுமா என்று கெஞ்சினாள். தெரேஸ் அம்மா கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க அப்பாரு கிரானைட்டுல ராஜா மாதிரி படுத்திருப்பாரு. எங்க வூட்டுக்காரரு மட்டும் உன் படிப்புக்காக மண்ணுல கெடக்கணுமா?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அந்த அம்மா கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது? லினெட் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொல்றது நியாயந்தான் ஆண்ட்டி" என்றாள்.  இத்தனை வருஷ உழைப்பும் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நாங்கள் திரும்பி வாசல் பக்கம் வருவதற்குள், எதிரே அந்தோணிமேரி அம்மா வந்துகொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கிறார். நாங்களும் அவர் பின்னாலேயே திரும்பிப் போனோம்.

"இன்னா மேரி இந்தப் பக்கம்?" என்றார் தெரேஸ் அம்மா. குரலில் குத்தல் இருந்தது.

"கல்லு வாணாம்னு சொல்லிடு தெரேசு."

"பொண்ணு கேட்டாச்சி. இப்ப அம்மாவா?"

"சும்மா கேக்கல. எங்க வூட்டுக்காரரு மேல இருக்கற கல்ல நானும் எடுத்துடறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி மண்ணா இருக்கட்டும். அப்ப ஒத்துக்குவியா?"

லினெட் பதறிப்போய், "அம்மா, வாணாம்மா!" என்றாள்.

"நீ கம்முனு இரு."

தெரேஸ் அம்மா நம்பாமல் பார்த்தார். "அருணு சும்மா வுடுவானா? அவன் ஆசையாப் போட்ட கல்லாச்சே."

"கல்லு அவன் போட்டது. கீழ படுத்திருக்கறது என் புருசன்."

 அந்தக் கல்லுக்காக அந்தோணிமேரி அம்மா எத்தனை வருஷம் ஏங்கினார் என்று எனக்குத் தெரியும். கல்லை யாரும் தொடக் கூடாது என்று பூண்டு உரித்தபடி சொன்ன குரலும் எனக்கு ஞாபகம் இருந்தது. லினெட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அவரு செத்தப்ப நீ வரல மேரி" என்றார் தெரேஸ் அம்மா.

"வரல."

"செவுத்துக்கு அந்தாண்ட இருந்துக்கினு வரல."

"வந்திருக்கணும் தெரேசு" என்றார் அந்தோணிமேரி அம்மா. "அன்னிக்கே வந்திருக்கணும்."

தெரேஸ் அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு லினெட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"கல்லுக்காரனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. எலைய நீங்க யாரும் பறிக்கக் கூடாது. எப்ப வேணும்னு சொல்லு, நானே வந்து பறிச்சித் தர்றேன். வேத்துக் கை பட்டா அவருக்குப் புடிக்காது."